பாலஸ்தீன மக்கள் சமாதானப் பேச்சுவார்த்தையைப் பற்றி என்ன நினைக்கிறார்கள்? கருத்துக்கணிப்புகளை வாசிக்க ஓர் எளிய அறிமுகம்

1993 செப்டம்பரில், இஸ்ரேலும் பாலஸ்தீன விடுதலை இயக்கமும் ஆஸ்லோ உடன்படிக்கையில் கையெழுத்திட்ட நாட்களில், மேற்குக் கரையிலும் காஸாவிலும் எடுக்கப்பட்ட கருத்துக்கணிப்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் அந்த உடன்படிக்கையை ஆதரித்தனர். முப்பது ஆண்டுகள் கழித்து, 2023 டிசம்பரில் வெளியான ஒரு கணிப்பில், அக்டோபர் 7 அன்று இஸ்ரேல் மீது தாக்குதல் நடத்த, காஸாவை ஆண்டுவந்த இஸ்லாமிய இயக்கமான ஹமாஸ் எடுத்த முடிவு சரியானதே என்று 72 விழுக்காட்டினர் கூறினர். இவற்றில் ஏதாவது ஒன்றை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு, "பாலஸ்தீனர்கள் சமாதானத்தை விரும்புகிறவர்கள்" என்றோ "பாலஸ்தீனர்களுக்குச் சமாதானமே வேண்டாம்" என்றோ தீர்ப்புச் சொல்லிவிடுவது எளிது. செய்தித் தலைப்புகளும் தொலைக்காட்சி விவாதங்களும் பெரும்பாலும் அதைத்தான் செய்கின்றன. அரைகுறையாகப் படிக்கப்பட்ட ஒரு விழுக்காடு, ஒரு முழுச் சமூகத்தின் மீதும் குற்றப்பத்திரிகையாகவோ நற்சான்றிதழாகவோ ஒட்டப்பட்டுவிடுகிறது.

இந்த எண்களுக்குப் பின்னால் மூன்று தனித்தனிக் கேள்விகள் இருக்கின்றன. மக்கள் எதை விரும்புகிறார்கள் என்பது முதலாவது. அது நடக்கக்கூடியது என்று நம்புகிறார்களா என்பது அடுத்தது. அதைப் பெற்றுத்தர யாரை நம்புகிறார்கள் என்பது மூன்றாவது. பாலஸ்தீனப் பொதுக்கருத்தைப் பற்றிய குழப்பங்களில் பெரும்பகுதி, இம்மூன்றுக்கும் வந்த விடைகளை ஒன்றாகக் கலந்து வாசிப்பதால் எழுகிறது. விருப்பம் மெதுவாகத்தான் மாறுகிறது; நம்பிக்கையோ ஓர் ஆண்டுக்குள்ளேயே தலைகீழாகிவிடக் கூடியது. கடந்த முப்பது ஆண்டுகளில் சரிந்ததில் பெரும்பங்கு நம்பிக்கைதான் என்பதே, இந்த எண்களைப் பார்த்துவரும் எவருக்கும் முதலில் புலப்படும் செய்தி என்று கருதுகிறேன்.

கணிப்பு எப்படி எடுக்கப்படுகிறது?

முதலில், யாருடைய கருத்து அளக்கப்படுகிறது என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். "பாலஸ்தீனக் கருத்துக்கணிப்பு" என்று நாம் படிப்பவை பெரும்பாலும் மேற்குக் கரையிலும், கிழக்கு ஜெருசலேமிலும், காஸாவிலும் வாழும் சுமார் 55 லட்சம் மக்களைப் பற்றியவை. ஐ.நா.வின் பாலஸ்தீன அகதிகள் முகமையில் பதிவு பெற்றிருக்கும் ஏறத்தாழ 59 லட்சம் பேரில் பாதிக்கும் மேற்பட்டோர் ஜோர்டானிலும் லெபனானிலும் சிரியாவிலும் இருக்கிறார்கள். வழக்கமான காலாண்டுக் கணிப்புகளில் அவர்களுடைய குரல் இடம்பெறுவதில்லை. இஸ்ரேலின் குடியுரிமை பெற்ற பாலஸ்தீனர்களின் கருத்து, இஸ்ரேலியக் கணிப்புகளின் ஒரு பகுதியாகத் தனியே அளக்கப்படுகிறது. ஆகவே "பாலஸ்தீனர்களில் இத்தனை விழுக்காடு" என்ற சொற்றொடரே, அந்தத் தேசிய இனத்தின் ஒரு பகுதியை மட்டும் குறிப்பதாகும்.

இத்துறையில் அதிகம் மேற்கோள் காட்டப்படுவது, ரமல்லாவில் இயங்கும் கொள்கை மற்றும் கணிப்பாய்வுக்கான பாலஸ்தீன மையம். அதன் இயக்குநர் கலீல் ஷிகாகி என்ற அரசியல் அறிஞர், 1993இல் நப்லஸ் நகரிலிருந்த வேறொரு ஆய்வு மையத்தில் இந்தப் பணியைத் தொடங்கினார். மேலே சொன்ன ஆஸ்லோ காலக் கணிப்பு அங்கு எடுக்கப்பட்டதுதான். ஜெருசலேம் ஊடக, தகவல்தொடர்பு மையமும் அதே 1993 முதல் கணிப்புகளை நடத்திவருகிறது. பல அரபு நாடுகளில் ஒரே வினாத்தாளைக் கொண்டு ஆய்வு செய்யும் அரபு பாரோமீட்டர் என்ற அமைப்பும் இங்கு வந்து கேட்கிறது. பல கைகள் பல ஆண்டுகளாக அளந்துவருவதால், ஒருவருடைய எண்ணை மற்றவருடைய எண்ணோடு ஒப்பிட்டுப் பார்க்க முடிகிறது. அரபு உலகின் பல நாடுகளில் இந்த வாய்ப்பே கிடையாது.

ஷிகாகியின் மையம் பொதுவாகச் சுமார் 1,200 பெரியவர்களை, 120 அளவிலான இடங்களில், நேரில் சந்தித்துக் கேட்கிறது. ஊர்கள், முகாம்கள், நகரப் பகுதிகள் ஆகியவை மக்கள்தொகைக்கு ஏற்பக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்கப்படுகின்றன. அவற்றுக்குள் வீடுகளும், வீட்டுக்குள் யாரிடம் கேட்பது என்பதும் அவ்வாறே முடிவாகின்றன. வாசலுக்கு வந்து நிற்பவரிடமோ, பேச ஆர்வம் காட்டுபவரிடமோ கேட்டு நிரப்பிக்கொள்வதில்லை. இப்படித் தேர்ந்தெடுக்கும்போது பிழை வரம்பு ஏறத்தாழ 3 விழுக்காட்டுப் புள்ளிகளாக இருக்கும். அதாவது 43 என்று வந்த எண், உண்மையில் 40ஆகவோ 46ஆகவோ இருக்கலாம். காஸாவை மட்டும் தனியாகப் பிரித்துப் பார்க்கும்போது கேட்கப்பட்டவர்களின் எண்ணிக்கை குறைந்துவிடுவதால் அந்த வரம்பு இன்னும் விரியும்.

போருக்கு நடுவில் இதை எப்படிச் செய்தார்கள் என்ற ஐயம் எவருக்கும் வரும். 2023 டிசம்பரில் வெளியான அந்தக் கணிப்புக்கான களப்பணி நவம்பர் 22 முதல் டிசம்பர் 2 வரை நடந்தது. காஸாவில் கேட்கப்பட்ட 481 பேரும் பெரும்பாலும் நவம்பர் இறுதியில் நிலவிய ஒரு வாரப் போர்நிறுத்த நாட்களில் சந்திக்கப்பட்டனர். இடம்பெயர்ந்தவர்கள் தங்கியிருந்த முகாம்களுக்கும் கேள்வியாளர்கள் சென்றார்கள். குண்டுவீச்சு நின்ற சில நாட்களுக்குள், வீட்டையும் உறவினரையும் இழந்து கூடாரத்தில் இருக்கும் ஒருவரிடம் "அந்த முடிவு சரியா, தவறா" என்று கேட்டுப் பெற்ற விடையை, அமைதியான ஒரு நாட்டில் தேர்தலுக்கு முன் கேட்டுப் பெற்ற விடையைப்போல் எடுத்துக்கொள்ளலாகாது. அதற்காக அந்த விடையே பொய் என்று தள்ளிவிடவும் முடியாது.

கணிப்புகள் தவறிய வரலாறும் உண்டு. 2006 ஜனவரி 25 அன்று நடந்த சட்டமன்றத் தேர்தலில், வாக்களித்து வெளியே வந்தவர்களிடம் எடுத்த கணிப்புகள் பாலஸ்தீன விடுதலை இயக்கத்தின் முதன்மைக் கட்சியான ஃபத்தா இயக்கமே முன்னிலை பெறும் என்று காட்டின. பெட்டிகளைத் திறந்தபோது 132 இடங்களில் 74 இடங்கள் ஹமாஸுக்குக் கிடைத்திருந்தன, ஃபத்தாவுக்கு 45. வாக்கு விழுக்காட்டிலோ இடைவெளி இவ்வளவு இல்லை: ஹமாஸ் சுமார் 44, ஃபத்தா சுமார் 41. ஃபத்தாக்காரர்கள் ஒரே தொகுதியில் பலராக நின்று வாக்குகளைச் சிதறடித்ததும், தேர்தல் முறையின் அமைப்பும் சேர்ந்து, மூன்று புள்ளி வித்தியாசத்தை 29 இடங்களின் வித்தியாசமாக்கின. "பாலஸ்தீனர்கள் பெருவாரியாக ஹமாஸைத் தேர்ந்தெடுத்தார்கள்" என்று இன்றும் எழுதப்படும் வாக்கியத்தின் அடியில் இருக்கும் கணக்கு இதுதான்.

நம்பிக்கை ஏறியதும் இறங்கியதும்

ஆஸ்லோவின் ஏற்பாடு எளிமையாகச் சொன்னால் இதுதான்: ஐந்து ஆண்டு இடைக்காலத்தில் பாலஸ்தீன அதிகார சபை என்ற நிர்வாகம் சில பகுதிகளைப் பொறுப்பேற்கும், அதற்குள் எல்லை, ஜெருசலேம், அகதிகள், யூதக் குடியேற்றங்கள், பாதுகாப்பு ஆகிய கடினமான விவகாரங்களை இரு தரப்பும் பேசி முடித்துவிடும். இடைக்காலம் 1999 மே மாதத்தில் முடிந்திருக்க வேண்டும். தனிநாடு உருவாகும் என்று அந்த உடன்படிக்கையில் எங்கும் எழுதப்படவில்லை. ஆனால் முடிவில் அதுதான் கிடைக்கும் என்று பெரும்பாலான பாலஸ்தீனர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

அந்த எதிர்பார்ப்பு உயிரோடிருந்த காலத்தில் வன்முறைக்கான ஆதரவு எப்படிக் கரைந்தது என்பதைப் பார்ப்பது முக்கியம். இஸ்ரேலியர்கள் மீதான ஆயுதத் தாக்குதல்களை ஆதரித்தவர்கள் 1994 நவம்பரில் 57 விழுக்காடாக இருந்தனர். இஸ்ரேலியப் படைகள் நகரங்களிலிருந்து விலகி, 1996 ஜனவரியில் முதல் தேர்தலும் நடந்த பின், மார்ச் மாதத்தில் அது 21 விழுக்காடாகக் குறைந்தது. யாரும் மக்களுக்கு அகிம்சை வகுப்பு எடுக்கவில்லை. படைகள் விலகியதையும், வாக்குச்சீட்டு கையில் வந்ததையும் அவர்கள் கண்ணால் கண்டார்கள். சிறையில் இருந்த பிள்ளை வீடு திரும்புவான் என்று எண்ணத் தொடங்கினார்கள்.

பின்னர் நடந்தது நேர்மாறு. ஆஸ்லோ கையெழுத்தானபோது கிழக்கு ஜெருசலேம் நீங்கலாக மேற்குக் கரையில் சுமார் 1 லட்சத்து 10 ஆயிரம் யூதக் குடியேறிகள் இருந்தனர். 2000ஆம் ஆண்டுக்குள் அது 2 லட்சத்தை நெருங்கியது. இன்று 5 லட்சத்தைத் தாண்டிவிட்டது. 1995இல் இடைக்கால ஏற்பாடாக வரையப்பட்ட ஏ, பி, சி என்ற மூன்று மண்டலங்களில், முழு இஸ்ரேலியக் கட்டுப்பாட்டில் இருக்கும் சி மண்டலம் மேற்குக் கரையின் 60 விழுக்காடு; ஐந்தாண்டுக்கென்று செய்த அந்தப் பிரிவினை இன்றும் நீடிக்கிறது. ஒரு கிராமத்து விவசாயிக்குப் பேச்சுவார்த்தை என்பது கைகுலுக்கும் புகைப்படமாக இருக்கவில்லை. தன் ஒலிவத் தோப்புக்குப் போகும் வழியில் புதிதாக எழுந்த சாலையும், சோதனைச் சாவடியில் கழியும் காலைப்பொழுதுமே அவர் அறிந்த பேச்சுவார்த்தை. இஸ்ரேலியத் தரப்பில் பேருந்துகளிலும் கடைத்தெருக்களிலும் நடந்த தற்கொலைக் குண்டுவெடிப்புகள், அங்கிருந்த நம்பிக்கையை இதேபோல் அழித்தன. 2000 ஜூலையில் அமெரிக்காவின் கேம்ப் டேவிட்டில் நடந்த சமாதான மாநாடு தோற்று, செப்டம்பர் இறுதியில் இரண்டாவது இன்டிஃபாதா என்ற பாலஸ்தீன எழுச்சி வெடித்தபோது, ஆயுதத் தாக்குதல்களுக்கான பாலஸ்தீன ஆதரவு மீண்டும் பெரும்பான்மையாகிவிட்டது.

இன்டிஃபாதாவின் அந்தக் கடும் நாட்களிலேயே, சமாதான ஒப்பந்தம் ஏற்பட்டால் இரு மக்களுக்கும் இடையே நல்லிணக்கம் வேண்டும் என்றும் பெரும்பான்மையினர் கூறிக்கொண்டிருந்தனர். ஒரே மனிதர் ஒரே நேர்காணலில் இரண்டையும் சொன்னார். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது முரண்பாடு. அவருக்கோ, இன்று நடப்பது ஒன்று, நாளை நடக்க வேண்டியது வேறொன்று.

இதைவிடத் தெளிவான சான்று 2003, 2004 ஆண்டுகளில் கிடைக்கிறது. முன்னாள் அமெரிக்க அதிபர் கிளின்டனின் யோசனைகளையும், இரு தரப்புப் பிரமுகர்கள் அதிகாரப்பூர்வமின்றி எழுதிய ஜெனீவா முன்மொழிவையும் ஒட்டி, முழு இறுதித் தீர்வு ஒன்று மக்கள் முன் வைக்கப்பட்டது. 1967 போருக்கு முந்தைய எல்லையை அடிப்படையாகக் கொண்டு சிறு நிலப் பரிமாற்றங்களுடன் அரசு, ஜெருசலேமில் இரு தலைநகரங்கள், அகதிகளுக்குப் பல தெரிவுகள், படைகளற்ற பாலஸ்தீனம், மோதலின் முடிவு. 2003 டிசம்பரில் இந்தத் தொகுப்பை 39 விழுக்காட்டினர் ஏற்றனர். 2004 டிசம்பரில் 54 விழுக்காட்டினர் ஏற்றனர். தொகுப்பின் உள்ளடக்கம் அதேதான். இடையில் பாலஸ்தீனத் தலைவர் யாசிர் அரஃபாத் மறைந்தார், தேர்தல் அறிவிக்கப்பட்டது, ஏதோ நகரப் போகிறது என்ற எண்ணம் பரவியது. எல்லோரும் விவாதிப்பது விட்டுக்கொடுப்பின் அளவைப் பற்றி. ஆனால் இங்கு ஆதரவைக் கூட்டியது, விட்டுக்கொடுத்தால் உண்மையில் ஏதாவது கிடைக்கும் என்ற வாய்ப்பு.

அந்தக் கணிப்பில் இன்னொரு பாடமும் உண்டு. மொத்தத் தொகுப்பைப் பாதிக்கும் மேற்பட்டோர் ஏற்றபோதும், "படைகளற்ற அரசு" என்ற பகுதியைத் தனியாகக் கேட்டபோது ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினரே சம்மதித்தனர். கசப்பான பகுதியை மட்டும் தனியே எடுத்துக் கேட்டால் மறுப்பு வரும். முழு விலையையும் முழுப் பலனையும் ஒன்றாகக் காட்டிக் கேட்டால் விடை மாறும். எந்த வடிவத்தில் கேட்டார்கள் என்று பார்க்காமல் விழுக்காட்டை மட்டும் மேற்கோள் காட்டுவது எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு இது போதும்.

இரு நாடுகள் தீர்வு

இஸ்ரேலுக்குப் பக்கத்தில் ஒரு சுதந்திர பாலஸ்தீன அரசு என்பதே "இரு நாடுகள் தீர்வு". 2000களின் பிற்பகுதியில் பாலஸ்தீனர்களிடையே இதற்கு உறுதியான பெரும்பான்மை ஆதரவு இருந்தது. இஸ்ரேலிய ஆய்வு நிறுவனங்களோடு சேர்ந்து ஷிகாகியின் மையம் நடத்திய கூட்டுக் கணிப்புகளில் அது 2016இல் 51, 2018இல் 43, 2022 டிசம்பரில் 33 என்று இறங்கியது. இறுதியாகச் சொன்ன எண் அக்டோபர் 7க்கு முந்தையது என்பதைக் கவனிக்க வேண்டும். சரிவுக்குப் போர் காரணமல்ல. அமெரிக்க வெளியுறவு அமைச்சர் ஜான் கெர்ரி நடத்திவைத்த பேச்சு 2014 ஏப்ரலில் முறிந்ததோடு, இறுதித் தீர்வைப் பற்றிய நேரடிப் பேச்சே நின்றுபோயிருந்தது. 2020 ஜனவரியில் அதிபர் டிரம்ப் பாலஸ்தீனத் தரப்பைச் சேர்த்துக்கொள்ளாமல் வெளியிட்ட திட்டத்தை 94 விழுக்காட்டினர் நிராகரித்தனர். இந்தச் சமூகத்தில் இத்தகைய ஒருமித்த விடையைக் காண்பது அரிது.

இரு நாடுகள் தீர்வை ஆதரிக்காதவர்கள் எல்லாம் இஸ்ரேலே இருக்கக் கூடாது என்பவர்கள் என்று எண்ணுவதுதான் இங்கு நேரும் பெரும் பிழை. "ஆதரிக்கிறீர்களா" என்ற கேள்விக்கு அடுத்து, "குடியேற்றங்கள் விரிந்துவிட்ட நிலையில் இது இனி நடைமுறையில் சாத்தியமா" என்றும் கணிப்பாளர்கள் கேட்கிறார்கள். சாத்தியமில்லை என்போர் பல ஆண்டுகளாகப் பெரும்பான்மையாக இருக்கிறார்கள். பசிக்கிறதா என்று கேட்பதும், இந்த வீட்டில் சோறு கிடைக்கும் என்று நம்புகிறாயா என்று கேட்பதும் வேறு வேறு. இரண்டாவது கேள்விக்கு "இல்லை" என்று நீண்ட காலம் சொல்லி வந்தவர், நாளடைவில் முதல் கேள்விக்கே பதில் சொல்ல விருப்பமற்றுப் போகிறார். சம உரிமைகளோடு ஒரே நாடு என்ற யோசனையை ஆதரிப்போர் சிறுபான்மையினரே. ஆகவே, பழைய தீர்வைக் கைவிட்டவர்கள் எல்லாம் புதிய தீர்வொன்றைக் கண்டடைந்துவிட்டார்கள் என்றும் சொல்வதற்கில்லை.

அகதிகளின் கேள்வி

விரும்புவது, உரிமையென்று கருதுவது, உண்மையில் தேர்ந்தெடுப்பது ஆகியவை எவ்வளவு விலகி நிற்கக்கூடும் என்பதற்கு 2003ஆம் ஆண்டின் அகதிகள் ஆய்வைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. 1948 போரில் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட பாலஸ்தீனர்கள் தங்கள் ஊர்களை விட்டு விரட்டப்பட்டனர் அல்லது தப்பியோடினர். அதை அவர்கள் நக்பா என்கிறார்கள். தங்கள் ஊருக்குத் திரும்பும் உரிமை ஒவ்வொரு பேச்சுவார்த்தையிலும் முட்டுக்கட்டையாக நின்றது. அனைவரும் திரும்பினால் தன் யூதப் பெரும்பான்மை இல்லாமல் போகும் என்பது இஸ்ரேலின் அச்சம். அந்த உரிமையைக் கைவிட்டால் நடந்த அநீதியையே மறுத்ததாகும் என்பது அகதிகளின் நிலை.

ஷிகாகியின் குழு மேற்குக் கரை, காஸா, ஜோர்டான், லெபனான் ஆகிய இடங்களில் சுமார் 4,500 அகதிக் குடும்பங்களைச் சந்தித்தது. திரும்பும் உரிமை அங்கீகரிக்கப்பட வேண்டும் என்பதில் ஏறத்தாழ அனைவருமே உறுதியாக இருந்தனர். ஆனால் உரிமை அங்கீகரிக்கப்பட்டு, எங்கே குடியேறுவது என்று தேர்ந்தெடுக்கும் வாய்ப்பும் தரப்பட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டபோது, இஸ்ரேலுக்குள்ளேயே போய் வாழ்வதைத் தேர்ந்தவர்கள் 10 விழுக்காட்டினர் மட்டுமே. பலர் புதிதாக அமையும் பாலஸ்தீன அரசிலோ, நிலப் பரிமாற்றத்தில் கிடைக்கும் பகுதிகளிலோ வாழ விரும்பினர். சிலர் இழப்பீடு பெற்று இருக்கும் நாட்டிலேயே இருந்துவிட விரும்பினர். 13 விழுக்காட்டினர் எல்லாத் தெரிவுகளையும் மறுத்தனர்.

முடிவுகளை வெளியிட 2003 ஜூலையில் ரமல்லாவில் செய்தியாளர் கூட்டம் ஏற்பாடாகியிருந்த நாளில், ஆத்திரம் கொண்ட கூட்டமொன்று ஆய்வு மையத்துக்குள் புகுந்து பொருட்களை உடைத்தது. ஷிகாகியின் மீது முட்டைகள் வீசப்பட்டன. அவர்களுடைய கோபம் நமக்குப் புரியாததல்ல. திரும்பும் உரிமை தங்கள் பெற்றோரின் வீட்டுச் சாவியோடும் பட்டாவோடும் பிணைந்தது; அதை யாரோ பத்து விழுக்காடாகச் சுருக்கிப் பேரம் பேசப்போகிறார்கள் என்று அவர்கள் கண்டார்கள். அதே வேளையில், அந்த ஆய்வு சொன்னது உரிமையைக் கைவிடுகிறார்கள் என்பதல்ல. அநீதி நடந்தது என்பதை ஒப்புக்கொள்வதே பலருக்கு முதன்மையானது, எங்கே வாழ்வது என்பதில் அவர்களால் விட்டுக்கொடுக்க முடியும் என்பதே அதன் உள்ளடக்கம். பேச்சுவார்த்தை மேசையில் இருப்பவர்களுக்கு இதைவிடப் பயனுள்ள செய்தி இருக்க முடியாது. அதை இரு தரப்பு அரசியலும் தவறவிட்டது என்றே நினைக்கிறேன்.

அக்டோபர் 7க்குப் பின்

2023 அக்டோபர் 7 தாக்குதலில் இஸ்ரேலில் சுமார் 1,200 பேர் கொல்லப்பட்டனர், 250 பேர் அளவில் பணயக்கைதிகளாகக் கொண்டுசெல்லப்பட்டனர். அதைத் தொடர்ந்த போரில் காஸாவில் பல்லாயிரக்கணக்கானோர் கொல்லப்பட்டு, ஏறத்தாழ மொத்த மக்களும் இடம்பெயர்ந்தனர். தாக்குதலுக்குச் சற்று முன்புவரை அரபு பாரோமீட்டர் காஸாவில் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தது. அப்போது ஹமாஸ் நிர்வாகத்தின் மீது சிறிதும் நம்பிக்கையில்லை என்றோ, அவ்வளவாக நம்பிக்கையில்லை என்றோ சொன்னவர்கள் மூன்றில் இரண்டு பங்கினர். மோதலுக்கு அமைதி வழியிலான தீர்வை விரும்பியவர்கள் அதைவிட அதிகம்.

பிறகு வந்ததுதான் அந்த 72 விழுக்காடு. அதை இரண்டாகப் பிரித்தால் மேற்குக் கரையில் 82, காஸாவில் 57. குண்டுகள் விழுந்த இடத்தில் ஆதரவு குறைவு. தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்த இடத்தில் அதிகம். பின்னர் அது சரிந்து, 2024 செப்டம்பரில் மேற்குக் கரையில் 64, காஸாவில் 39 ஆயிற்று. இன்னொரு செய்தியையும் சேர்த்துப் படிக்க வேண்டும். 2023 டிசம்பரில் பத்தில் எட்டுப் பேருக்கும் மேல், அந்நாளில் பொதுமக்கள் மீது நடந்த வன்செயல்களின் காணொளிகளைப் பார்த்ததே இல்லை என்றனர். ஹமாஸ் அத்தகைய கொடுமைகளைச் செய்யவில்லை என்றே மிகப் பெரும்பாலானோர் நம்பினர். முடிவு சரி என்றவர்களில் பலர், உலகம் மறந்துவிட்ட ஒரு பிரச்சினையை மீண்டும் உலகின் முன் கொண்டுவந்தது என்ற பொருளில் சொன்னார்கள் என்று ஷிகாகியின் மையம் விளக்கியது. பார்க்காததை மறுப்பது எளிது. அந்த மறுப்பு வருத்தத்துக்குரியதுதான். ஆனாலும் மறுப்பதும், தெரிந்தே கொடுமையை வாழ்த்துவதும் ஒன்றல்ல.

இந்த எண்களே திரிக்கப்பட்டவை என்ற குற்றச்சாட்டும் எழுந்தது. காஸாவில் மையத்தின் கணிப்பு முடிவுகளை ஹமாஸ் மாற்றியதாகக் காட்டும் ஆவணம் கிடைத்ததாக 2024 ஆகஸ்டில் இஸ்ரேலிய இராணுவம் அறிவித்தது. மையம் தன் தரவுகளைச் சோதித்து, அவ்வாறு மாற்றப்பட்டதற்கான தடயம் எதுவும் இல்லை என்றது.

விடுதலைக்குச் சிறந்த வழி ஆயுதப் போராட்டமா, பேச்சுவார்த்தையா, அமைதியான மக்கள் போராட்டமா என்ற கேள்வி ஒவ்வொரு காலாண்டும் கேட்கப்படுகிறது. 2023 டிசம்பரில் ஆயுதப் போராட்டம் என்றவர்கள் 63 விழுக்காடு. பேச்சுவார்த்தை என்றவர்கள் 20. 2025 மே மாதத்தில் அவை 41, 33 ஆகியிருந்தன. அதே கணிப்பில், போரை நிறுத்துவதற்காக ஹமாஸ் ஆயுதங்களைக் கைவிடுவதை நான்கில் மூன்று பங்கினர் எதிர்த்தனர். ஆனால் காஸாவில், அவ்வாண்டு மார்ச்சில் பெய்த் லாஹியாவில் தொடங்கிய ஹமாஸ் எதிர்ப்பு ஆர்ப்பாட்டங்களை ஏறத்தாழப் பாதிப்பேர் ஆதரித்தனர். இவை இரண்டையும் ஒரே மக்கள்தான் சொன்னார்கள். ஆயுதத்தைக் கொடுத்துவிட்டால் தங்களை யார் காப்பார்கள் என்ற அச்சமும், தங்களை இந்த நிலைக்குக் கொண்டுவந்தவர்கள் மீதான சினமும் ஒரே நெஞ்சில் இருக்கக் கூடியவையே.

எதிர்த்தரப்பின் கண்ணாடி

பாலஸ்தீனக் கருத்து தனித்து மிதப்பதில்லை. 2022 டிசம்பர் கூட்டுக் கணிப்பில் இரு நாடுகள் தீர்வை ஆதரித்த பாலஸ்தீனர்கள் 33 விழுக்காடு, இஸ்ரேலிய யூதர்கள் 34 விழுக்காடு. மறுதரப்பை நம்ப முடியாது என்றவர்கள் இரு பக்கமும் 85 விழுக்காட்டு அளவில். 2024 கோடைக் கூட்டுக் கணிப்பில் பாலஸ்தீன ஆதரவு 40ஆக உயர்ந்தது, இஸ்ரேலிய யூதர்களிடையே 21ஆகச் சரிந்தது. இஸ்ரேலில் வாழும் அரபுக் குடிமக்களிடையே மட்டும் இரண்டு முறையும் உறுதியான பெரும்பான்மை இருந்தது. இரு சமூகங்களோடும் அன்றாடம் பழகுபவர்கள் அவர்கள் என்பதால் இது கவனத்துக்குரியது.

இந்தக் கூட்டுக் கணிப்புகளில் மிகவும் பயனுள்ள பகுதி, தீர்வை எதிர்த்தவர்களிடம் கேட்கப்பட்ட துணைக் கேள்விகள். கைதிகள் விடுவிக்கப்பட்டால், அகதிகளுக்கு நேர்ந்த துன்பத்தை மறுதரப்பு ஒப்புக்கொண்டால், அரபு நாடுகள் அனைத்தும் இஸ்ரேலோடு உறவு கொண்டால், உங்கள் விடை மாறுமா என்று கேட்டார்கள். இரு பக்கமும் எதிர்ப்பாளர்களில் கணிசமானோர் மாறுவதாகச் சொன்னார்கள். எதற்கும் அசையாத ஒரு பகுதி இரு பக்கமும் இருக்கிறது.

யார் பேசுவது?

இறுதியாக, தொடக்கத்தில் சொன்ன மூன்றாவது கேள்வி: யாரை நம்புகிறார்கள்? ஃபத்தாவைச் சேர்ந்த மஹ்மூத் அப்பாஸ் 2005 ஜனவரியில் நான்கு ஆண்டுப் பதவிக்காலத்துக்குப் பாலஸ்தீன அதிகார சபையின் அதிபராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அதன்பின் அதிபர் தேர்தலே நடக்கவில்லை. 2007 ஜூனில் ஹமாஸ் காஸாவைக் கைப்பற்றியதோடு நிர்வாகம் இரண்டாகப் பிளந்தது. 2021 மே மாதத்துக்கு அறிவிக்கப்பட்ட சட்டமன்றத் தேர்தல், கிழக்கு ஜெருசலேமில் வாக்களிக்க இஸ்ரேல் அனுமதி தராததைக் காரணம் காட்டி ஏப்ரல் இறுதியில் தள்ளிவைக்கப்பட்டது. 2006 ஜனவரியில் 18 வயது நிறையாதிருந்த எந்தப் பாலஸ்தீனரும் தன் வாழ்நாளில் ஒரு தேசியத் தேர்தலில் வாக்களித்ததில்லை. மக்கள்தொகையில் பெரும்பகுதி அந்த வயதுக்குக் கீழ்ப்பட்டது.

அப்பாஸ் பதவி விலக வேண்டும் என்று கேட்போர் சில ஆண்டுகளாகவே முக்கால் பங்குக்கும் மேல். 2023 டிசம்பரில் அது 88 விழுக்காட்டைத் தொட்டது. அவருடைய அதிகார சபை இஸ்ரேலியப் படைகளோடு பாதுகாப்பு ஒத்துழைப்பில் இருப்பதும், ஊழல் பற்றிய பரவலான எண்ணமும், அந்தச் சபையை மக்களுக்குச் சுமையாகத் தோன்றச் செய்துள்ளன. பேச்சுவார்த்தைப் பாதையின் முகமாக இருப்பது அந்த நிர்வாகம்தான் என்பதால், அதன் மீதான வெறுப்பு பேச்சுவார்த்தையின் கணக்கிலேயே எழுதப்படுகிறது. ஹமாஸுக்குப் போகும் ஆதரவில் ஒரு பகுதி அப்பாஸுக்கு எதிரான வாக்கு என்பதைக் காட்ட ஒரு கேள்வி போதும்: அப்பாஸும் ஹமாஸ் தலைவரும் மட்டும் போட்டியிட்டால் ஹமாஸ் வெல்கிறது, 2002 முதல் இஸ்ரேலியச் சிறையில் ஐந்து ஆயுள் தண்டனைகளை அனுபவித்துவரும் ஃபத்தா தலைவர் மர்வான் பர்கூத்தியின் பெயரைச் சேர்த்ததும், கணிப்புக்குக் கணிப்பு அவரே முந்துகிறார். பர்கூத்தி இரண்டாவது இன்டிஃபாதாவின் தலைவர்களில் ஒருவர். இரு நாடுகள் தீர்வை ஏற்பவரும்கூட. எதிர்த்து நின்றவர் என்ற தகுதியும், பேசி முடிக்கத் தயாரானவர் என்ற தகுதியும் ஒருவரிடமே சேர்ந்திருக்க வேண்டும் என்று மக்கள் தேடுவது, அந்த ஒரு பெயர் பெறும் ஆதரவில் தெரிகிறது. அவர் சிறையில் இருக்கிறார், தேர்தலும் நடக்கவில்லை. ஆகையால் அந்தத் தேடலுக்கான விடை இப்போதைக்குக் கணிப்பு அறிக்கைகளில் மட்டுமே பதிவாகிவருகிறது.